டார்க் எல்ஃப்கள் யார்? கற்பனை உலகம் கட்டுவோருக்கான கேள்வி பதில்கள்

கற்பனை உலகம் ஒன்றை உருவாக்கத் தொடங்கும் பலர், வரைபடத்தில் எங்கோ ஒரு மூலையில் டார்க் எல்ஃப்களுக்கு இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் சந்தேகங்கள் வருகின்றன. என்னிடம் அதிகம் வந்த கேள்விகளையும், எனக்கு நானே கேட்டுக்கொண்ட சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

டார்க் எல்ஃப் என்றால் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

எல்ஃப்கள் என்பவர்கள் கற்பனைக் கதைகளில் வரும், மனிதரைப் போன்ற, நெடுங்காலம் வாழும் ஒரு மாய இனம். ஒரே இனமாக இருந்த எல்ஃப்களில் ஒரு கூட்டம் பிரிந்து போகிறது. பிரியாமல் இருந்தவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வைக்கும் பெயர்தான் டார்க் எல்ஃப். கருத்த தோல், வெள்ளை முடி, சிவந்த கண், குகை நகரம், விஷம் தடவிய அம்பு எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. இவற்றில் எதை எடுத்துவிட்டாலும் டார்க் எல்ஃப் மிஞ்சுவார். அந்தப் பிரிவை எடுத்துவிட்டால், நிலத்தடியில் வாழும் ஏதோ ஓர் இனம்தான் மிஞ்சும்.

எல்ஃப்களின் ஆயுளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மனிதர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சண்டை என்பது பாட்டிலும் கல்வெட்டிலும் இருக்கிற செய்தி. எல்ஃப்களுக்கு அது அம்மா கண்ணால் கண்டது. கதவைச் சாத்தியவரும் வெளியே நின்றவரும் இன்னும் உயிரோடு இருக்கலாம். ஆறாத காயம் என்று சொல்வோமே, டார்க் எல்ஃப் கதைகளின் பலமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் எப்படி அழைப்பது? இருள் எல்ஃபா, கருப்பு எல்ஃபா?

தமிழில் எழுதும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஆங்கிலத்தில் ‘டார்க்’ என்ற ஒரே சொல் வெளிச்சம் இல்லாத இடத்தையும் குறிக்கும், கருத்த நிறத்தையும் குறிக்கும், தீய குணத்தையும் குறிக்கும். மூன்றும் ஒரே சொல்லில் கலந்துகிடப்பதால், இருட்டில் வாழ்பவன் கருப்பாக இருப்பான், கருப்பாக இருப்பவன் கெட்டவனாக இருப்பான் என்று கதை தானாகவே சறுக்கிப் போய்விடுகிறது. தமிழில் இருள் வேறு, கருமை வேறு. நாம் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். அது சிரமம்தான், ஆனால் நல்ல சிரமம்.

நான் பெரும்பாலும் டார்க் எல்ஃப் என்றே எழுதுகிறேன், படிப்பவர்களுக்கு அதுதான் பழக்கம். மொழிபெயர்த்தே ஆகவேண்டும் என்றால் ‘இருள் எல்ஃப்’ என் தேர்வு. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ‘இருளர்’ என்று சுருக்க வேண்டாம். அது இன்றும் வாழ்கிற ஒரு பழங்குடி மக்களின் பெயர்.

இந்த எண்ணம் முதலில் எங்கிருந்து வந்தது?

ஐஸ்லாந்திலிருந்து. ஸ்நோரி ஸ்டர்லுசன் என்பவர் 1220ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய ‘உரைநடை எட்டா’ என்ற புராணக்கதை நூலில் எல்ஃப்களை இரண்டாகப் பிரிக்கிறார். ஒளி எல்ஃப்கள் ஆல்ஃப்ஹெய்ம் என்ற இடத்தில் வாழ்கிறார்கள், பார்வைக்குச் சூரியனைவிட அழகானவர்கள். இருள் எல்ஃப்கள் நிலத்துக்கு அடியில் வாழ்கிறார்கள், கீலைவிடக் கருப்பானவர்கள். தோற்றத்தில் மட்டுமல்ல, இயல்பிலும் இரு தரப்பும் வேறுபட்டவர்கள் என்கிறார். ஏறக்குறைய அவ்வளவுதான். இன்று நாம் பார்க்கும் இத்தனை பெரிய மரபும் அந்தச் சில வரிகளிலிருந்து கிளைத்தது.

அவருக்கு முந்தைய பழைய நார்ஸ் (அன்றைய ஐஸ்லாந்து, ஸ்காண்டிநேவியா மக்களின் மொழி) பாடல்களில் எல்ஃப்கள் வருகிறார்கள், கடவுளரோடு சேர்த்தே பேசப்படுகிறார்கள். ஆனால் ஒளி, இருள் என்ற பிரிவு அங்கே இல்லை. ஸ்நோரி கிறிஸ்தவக் காலத்து மனிதர், எனவே தேவதூதர்களும் விழுந்துபட்ட தூதர்களும் என்ற பிரிவின் நிழல் அவர் எழுத்தில் விழுந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

ஸ்வார்டால்ஃபர் என்றும் ஒரு பெயர் வருகிறதே?

ஆமாம், அதே நூலில்தான். நார்ஸ் மொழியிலும் நம் மொழியைப் போலவே இரண்டு சொற்கள்: இருளைச் சொல்லும் ‘டோக்’, கருமையைச் சொல்லும் ‘ஸ்வார்ட்’. கருப்பு எல்ஃப்களின் நாடு ஸ்வார்டால்ஃபஹெய்ம். ஆனால் கதையில் யாராவது அங்கே போனால் சந்திப்பது குள்ளர்களைத்தான். ஃபென்ரிர் என்ற ராட்சத ஓநாயைக் கட்ட ஒரு தளை தேவைப்படுகிறது. கடவுளரின் தலைவர் ஓடின் ஸ்வார்டால்ஃபஹெய்முக்கு ஆளனுப்பி, அங்குள்ள குள்ளர்களைக் கொண்டு கிளைப்னிர் என்ற தளையைச் செய்விக்கிறார். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் என்று ஆறு பொருள்களால் ஆன தளை அது. உலகில் இல்லாதவற்றால் செய்ததால் அறுக்க முடியாது. என்ன அழகான கற்பனை பாருங்கள்!

ஆகவே கருப்பு எல்ஃப்களும் குள்ளர்களும் ஒன்றே என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. தொடக்கத்தில் நிலத்தடி மக்களின் அடையாளம் கைவேலையாக இருந்திருக்கிறது. கடவுளரின் ஈட்டி, கப்பல், தங்கக் கூந்தல் எல்லாம் அவர்கள் பட்டறையில் செய்தவை. பிற்காலக் கதைகள் கத்தியையும் விஷத்தையும் வைத்துக்கொண்டு அந்தப் பட்டறையை மறந்துவிட்டன. உங்கள் உலகில் அதைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை.

டோல்கீன் உலகில் டார்க் எல்ஃப்கள் உண்டா?

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் உலகில் உண்டு, ஆனால் பலர் எதிர்பார்க்கும் வகையில் அல்ல. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1977ல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ நூலில் மோரிக்வெண்டி என்ற சொல் வருகிறது. இருளின் எல்ஃப்கள் என்று பொருள். சூரியனும் சந்திரனும் பிறப்பதற்கு முன்னால், மேற்கே கடலுக்கு அப்பால் ஒளிவீசிய இரண்டு மரங்களைப் பார்க்காதவர்கள் எல்லாரும் மோரிக்வெண்டி. அந்த ஒளியை நோக்கிய பயணத்தைப் பாதியில் விட்டவர்கள், கிளம்பவே கிளம்பாதவர்கள். தோல் நிறத்துக்கும் குணத்துக்கும் இதில் வேலையே இல்லை. ஒரு வெளிச்சத்தைப் பார்த்தாயா, இல்லையா என்பதுதான் கேள்வி.

அதே நூலில் திங்கோல் என்ற மன்னர் வருகிறார். அவர் அந்த மரங்களை நேரில் பார்த்தவர். ஆனாலும் மேற்கிலிருந்து திரும்பி வந்த இளவரசன் ஒருவன் ஆத்திரத்தில் அவரை டார்க் எல்ஃப் என்று இழிவாகப் பேசுகிறான். விவரப்படி அது தவறு, ஆனால் பேர் ஒட்டிக்கொள்ளும். யார் யாரைப் பார்த்து இந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிற அரசியலை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ட்ரோ என்பவர்களும் டார்க் எல்ஃப்களும் ஒன்றா?

ட்ரோ என்பது டார்க் எல்ஃப்களில் ஒரு வகை. இன்று மிகப் புகழ்பெற்ற வகை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிட்டதைப் போலத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்தின் வடக்குத் தீவுகளில் ‘ட்ரோ’ என்ற மண்ணடிக் குட்டிப் பூதங்களைப் பற்றிய கதைகள் உண்டு, ‘ட்ரோல்’ என்ற சொல்லின் உறவு அது. அந்தப் பெயரை எடுத்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர் கேரி கைகாக்ஸ். 1977ல் ஒரு சின்னக் குறிப்பாக வந்தார்கள், 1978ல் வந்த சாகசத் தொகுப்புகளில் முழு எதிரிகளாக வளர்ந்தார்கள். லோல்த் என்ற சிலந்தித் தெய்வம், பூசாரிப் பெண்களின் ஆட்சி, கருந்தோல், வெண்முடி என்ற கலவை அப்போது பிறந்தது.

1988ல் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய நாவலில் டிரிஸ்ட் என்ற ட்ரோ வீரன் வந்தான். 1990ல் அவனுடைய இளமைக் கதையோடு மென்சோபெரன்சான் என்ற நிலத்தடி நகரமும் விரிவாக வந்தது. சூரியன் தெரியாத அந்த ஊரில் நேரம் காட்டுவதற்கு ஒரு கல் தூண் இருக்கிறது. தலைமை மந்திரவாதி தினமும் அதன் அடியில் வெப்பத்தை ஏற்றுவார், வெப்பம் ஏற ஏற நேரம் தெரியும். ஒரு இனத்தை நம்பவைப்பது இந்த மாதிரி விவரங்கள்தான். சிலந்தியை யார் வேண்டுமானாலும் வரையலாம்.

நிலத்தடியில் வாழ்பவர்களுக்குத் தோல் கருப்பாகத்தான் இருக்குமா?

உயிரியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. தோலின் கருநிறம் வெயிலுக்கு எதிரான கவசம். வெயிலே படாத குகைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் உயிரினங்கள் நிறத்தை இழந்துவிடுகின்றன. பால்கன் பகுதியின் சுண்ணாம்புக் குகைகளில் ஓல்ம் என்ற நீர்வாழ் உயிரினம் இருக்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பு உடல், தோலுக்குள் புதைந்துபோன கண், உணவில்லாமல் ஆண்டுக்கணக்கில் தாங்கும் திறன். அதை வெளிச்சத்தில் வைத்திருந்தால் மெல்லத் தோல் கருக்கத் தொடங்கும்.

இதைக் கதையில் வைத்துப் பாருங்கள். நிலத்தடி எல்ஃப்கள் வெளிறியவர்கள், மேலே வந்து சில ஆண்டுகள் தங்கியவர்களின் தோல் மட்டும் கருத்துவிடுகிறது என்றால், கருநிறம் பயணத்தின் அடையாளம் ஆகிறது. ஊருக்குத் திரும்பியவனை நிறத்தைப் பார்த்தே “வெளியே போய் வந்தவன்” என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வழக்கமான படம் அப்படியே தலைகீழாகிறது.

மந்திரம், சாபம், எரிமலைச் சாம்பல் என்று வேறு காரணமும் வைக்கலாம், உங்கள் உரிமை. ஆனால் ‘தீயவர்கள், ஆகவே கருப்பு’ என்ற காரணத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறத்தை வைத்து மனிதர்களைத் தாழ்த்திய வரலாறு கற்பனை இல்லை. கருத்த தோல் உள்ள ஒரு சிறுமி உங்கள் கதையைப் படித்துவிட்டு, தன்னைப் போல இருப்பவர்கள் எல்லாம் ஏன் வில்லன்கள் என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் நிறுவனமே 2020 ஜூன் மாதத்தில், ட்ரோ போன்ற இனங்களைப் பிறவியிலேயே தீயவர்களாகக் காட்டிய விதம் உண்மை மக்கள் மீது சுமத்தப்பட்ட இழிவுகளை நினைவூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே லோல்த்தை வணங்காத ட்ரோ நகரங்கள் அந்த உலகத்தில் அறிமுகமாயின.

அப்படியானால் அவர்கள் கெட்டவர்களாக இருக்கவே கூடாதா?

இருக்கலாம். ஒரு அரசு கொடியதாக இருக்கலாம், ஒரு மதம் கொடியதாக இருக்கலாம், ஒரு குடும்பம் தலைமுறையாகப் பழிவாங்கலாம். ரத்தத்திலேயே கொடுமை இருக்கிறது என்று சொல்லும்போதுதான் கதை செத்துப்போகிறது, ஏனென்றால் அதன்பிறகு யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தேர்வு இல்லாத பாத்திரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

தாய்வழி ஆட்சி கட்டாயமா?

கட்டாயம் இல்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. ட்ரோ கதைகளில் பெண்கள் ஆளும் சமூகத்தைக் கற்பனை செய்யும் அரிய இடம் ஒன்று கிடைத்தது, அங்கேயும் ஆட்சியைச் சவுக்கும் பலியுமாகக் காட்டிவிட்டார்கள். பெண்கள் ஆள்கிறார்கள் என்றால் சொத்து யார் வழியில் போகிறது, குழந்தைக்கு யார் பெயர், மணமானால் யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள், தாய்மாமனுக்கு என்ன இடம் என்று யோசியுங்கள். அதிலிருந்தே நூறு கதைகள் வரும்.

நிலத்தடி நகரம் நம்பும்படி இருக்க என்ன செய்ய வேண்டும்?

மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: காற்று எங்கிருந்து வருகிறது, சோறு எங்கிருந்து வருகிறது, நேரத்தை எப்படி அறிகிறார்கள்?

காற்றிலிருந்து தொடங்கலாம். ருமேனியாவில் மொவிலே என்ற குகை 1986ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 55 லட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பில்லாமல் மூடிக் கிடந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அங்கே ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அந்த மாதிரிக் காற்றில் விளக்கு எரியாது, உலையும் எரியாது. ஆகவே உங்கள் டார்க் எல்ஃப்கள் கொல்லர்கள் என்றால், அவர்களுக்குக் காற்றுத் தண்டுகள் வேண்டும். துருக்கியில் டெரின்குயு என்ற பழைய நிலத்தடி நகரம் ஏறக்குறைய 85 மீட்டர் ஆழம் வரை தோண்டப்பட்டது. காற்றுக்கெனத் தனித் தண்டுகள், உள்ளிருந்து உருட்டி அடைக்கும் வட்டக் கல் கதவுகள், கால்நடைத் தொழுவங்கள் எல்லாம் உண்டு. காற்றுத் தண்டு என்றால் மேலே ஒரு வாய் இருக்கும். எதிரி அதைக் கண்டுபிடித்தால் ஊரே முடிந்தது. அந்த வாய்களைக் காக்கும் படைதான் அந்த ஊரின் மிக மதிப்புள்ள படையாக இருக்கும்.

சாப்பாடு இன்னும் கடினம். எல்லாரும் காளான் தோட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். காளான் தானாக உணவு தயாரிக்காது. மரமோ சாணமோ சருகோ ஏதாவது மக்கினால்தான் அது வளரும். அந்த மக்கு எங்கிருந்து வரும்? மேலிருந்துதான். வௌவால் எச்சம், நிலத்தடி ஆறு அடித்து வரும் மரம், வாங்கிய வைக்கோல், கொள்ளையடித்த தானியம் என்று ஏதோ ஒரு வழியில் வந்தே ஆகவேண்டும். இன்னொரு வழியும் உண்டு. மொவிலே குகையில் நுண்ணுயிரிகள் சூரியனைத் தொடாமல், ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் போன்ற வேதிப்பொருள்களிலிருந்தே ஆற்றல் எடுத்து உணவாக்குகின்றன. அதை நம்பி சிலந்தி, அட்டை, நீர்த்தேள் என்று ஒரு சிறு உலகமே வாழ்கிறது. ஆனால் அது சின்னஞ்சிறு உயிர்களின் உலகம். ஒரு நகரத்துக்குச் சோறு போட அது போதாது.

முதல் கேள்வியில் சொன்ன பிரிவு இங்கே வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது. சண்டை போட்டுக்கொண்டு கீழே போனவர்கள், மேலே இருப்பவர்களிடமிருந்து வயிற்றைப் பிரித்துக்கொள்ள முடியவில்லை. பகலில் பகை, இரவில் வைக்கோல் வண்டி. அந்த வண்டியை ஓட்டுபவர் யார், இரண்டு பக்கமும் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று யோசித்தாலே கதை தொடங்கிவிடும்.

நேரத்துக்கு வருவோம். 1962ல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தனியே தங்கினார். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. இரண்டே மாதத்தில் 25 நாள் காணாமல் போய்விட்டது! எல்ஃப்கள் நூற்றாண்டுக்கணக்கில் கீழே இருந்தால், மேலே இருப்பவர்களுக்கும் அவர்களுக்கும் எந்த ஆண்டு நடக்கிறது என்பதிலேயே கருத்து வேறுபாடு வரும். ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது என்று ஒருவர், நேற்றே முடிந்துவிட்டது என்று இன்னொருவர்.

இருட்டில் எப்படிப் பார்ப்பார்கள்?

பழைய விளையாட்டு விதிகளில் ட்ரோக்கள் வெப்பத்தைப் பார்ப்பார்கள். அதை எடுத்துக்கொண்டால் கடைசிவரை போங்கள். வெப்பம் மட்டுமே தெரியும் கண்ணுக்கு, ஆறிப்போன தாளில் எழுதிய மை தெரியாது. எனவே எழுத்தைச் செதுக்கி விரலால் படிப்பார்கள். கோபத்தில் முகம் சூடானால் எதிரே நிற்பவருக்கு அப்படியே தெரியும், ஆகவே உணர்ச்சியை மறைப்பது அங்கே பெரிய கலையாக வளரும். இறந்தவரின் உடல் மெல்ல மங்கி, சுற்றியுள்ள கல்லோடு கல்லாக மறைந்துபோகும். அவர்களுடைய துக்கச் சடங்கு அந்த மறைதலைச் சுற்றியே அமையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா டார்க் எல்ஃப்களும் நிலத்தடிவாசிகளா?

இல்லவே இல்லை. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ விளையாட்டுகளின் டன்மர் இனம் எரிமலையும் சாம்பல் காற்றும் உள்ள நிலத்தில், வெட்டவெளியில் வாழ்கிறது. வேறு தெய்வங்களை வணங்க விரும்பி, தாங்களாகவே தாய்நாட்டை விட்டுக் கிளம்பிய எல்ஃப்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். சாம்பல் தோலும் சிவந்த கண்ணும் பின்னால் வந்த ஒரு தெய்வச் சாபம். பிரிவு விருப்பத்தால் நடந்தது, நிறம் வேறொரு காரணத்தால் மாறியது. இரண்டையும் தனித்தனியே வைத்ததால்தான் அந்த இனம் இவ்வளவு ஆழமாக இருக்கிறது. முன்னோர் வழிபாடு, குலச் சண்டை, பழம்பெருமை, அந்நியர் மீது கசப்பு, அடிமை முறை என்ற கறை எல்லாம் உண்டு. முழுக்க நல்லவர்களும் இல்லை, முழுக்கக் கெட்டவர்களும் இல்லை.

‘வார்ஹாமர்’ விளையாட்டின் உலகில் அரியணைச் சண்டையில் தோற்றவர்கள் குளிர்ந்த வடநாட்டுக்குப் போய் டார்க் எல்ஃப்கள் ஆனார்கள். ‘வார்கிராஃப்ட்’ விளையாட்டு உலகின் நைட் எல்ஃப்கள் இரவில் விழித்திருக்கும் காட்டுவாசிகள். அவர்கள் பெயரில் இரவு இருந்தாலும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அந்த உலகில் பிரிந்து போனது மற்ற எல்ஃப்கள்தான்.

கொடிய ஊரிலிருந்து விலகி வரும் ஒரே நல்லவன் என்ற கதையை எழுதலாமா?

எழுதலாம், மிகவும் தேய்ந்த தடம் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: அவன் ஒருவன் மட்டும் நல்லவன் என்றால், மற்ற ஆயிரக்கணக்கானோர் தீயவர்கள் என்று நாமே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். விலகாமல் ஊருக்குள்ளேயே இருந்து, சந்தையில் நியாயமாக எடைபோட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒளித்துவைத்துக் காப்பாற்றும் ஒரு பாட்டியைப் பற்றி யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக உட்கார்ந்து படிப்பேன்.

ட்ரோ என்ற பெயரை என் கதையில் பயன்படுத்தலாமா?

ட்ரோ என்பது நாட்டார் கதைச் சொல், டார்க் எல்ஃப் பொதுச் சொல். ஆனால் மென்சோபெரன்சான், டிரிஸ்ட் போன்ற பெயர்களும், விளையாட்டில் உருவான அந்தக் குறிப்பிட்ட கலவையும் வேறொருவரின் படைப்பு. ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டை வெளியிடுவோர், 2023ல் தங்கள் விதிகளைத் திருத்தி எழுதியபோது ட்ரோக்களை மொத்தமாகவே விட்டுவிட்டார்கள். நீங்களும் புதுப்பெயர் வைப்பதே நிம்மதி.

சரி, என்ன பெயர் வைப்பது?

இரண்டு பெயர் வையுங்கள். மேலே இருப்பவர்கள் சொல்லும் பெயர் ஒன்று, அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஒன்று. எந்த மக்களும் தங்களை ‘இருண்டவர்கள்’ என்று அழைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் உலகில் அவர்கள் தங்களை ‘அகத்தோர்’ என்கிறார்கள். மேலே இருக்கும் எல்ஃப்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வெயிலில் விடப்பட்டவர்கள்’. அவர்கள் கதைப்படி, பிரிந்து போனது மேலே இருக்கும் கூட்டம். அடைப்புக்கல்லை உருட்டுவதற்கு முன் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், அவர்கள்தான் வரவில்லை என்று இன்றும் அங்கே ஒரு கிழவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.